அல்ஸ்டரில் ஆளியும் லினனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினன் என்று பேச்செடுத்தாலே "ஐரிஷ் லினன்" என்ற பெயரும் கூடவே வந்துவிடும். அதையொட்டி வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதிதான் களம். காலம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை.

லினன்னா காட்டன்லயே ஒரு உசந்த ரகம்தானே?

இல்லை. பருத்தி என்பது விதையைச் சுற்றி வளரும் பஞ்சு. லினனோ ஆளிச் செடியின் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் நார். சணல் வரும் வழியில்தான் இதுவும் வருகிறது.

பருத்தியைப் பறித்துக் கொட்டை நீக்கிவிட்டால் பஞ்சு கைக்கு வந்துவிடும். ஆளி அப்படி எளிதில் விடாது. தண்டின் நடுவே மரம்போல இறுகிய சக்கை, அதைச் சுற்றி நார்க்கற்றைகள், இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பசை. அந்தப் பசையை இளக்கி, சக்கையை உடைத்து உதறி, நாரை முறியாமல் எடுக்க வேண்டும். கீழே ஊறல் (தண்டைத் தண்ணீரில் ஊறப்போடுவது), நூற்பு, வெளுப்பு என்று வரும் எல்லாவற்றிலும் இந்தப் பசைதான் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

நாம சாப்பிடுற ஆளிவிதை இந்தச் செடியோடதா?

செடி ஒன்றுதான், ரகம் வேறு. எண்ணெய்க்கும் உணவுக்கும் வளர்க்கும் ரகம் குட்டையாக இருக்கும், நிறையக் கிளை விடும், நிறையக் காய்க்கும். நாருக்கு வளர்க்கும் ரகம் ஒற்றைத் தண்டாக ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் போய், உச்சியில் மட்டும் கிளைத்து நீலப்பூ பூக்கும். கிளை விடும் இடத்தில் நாரின் நீளம் கெட்டுவிடும். அதனால்தான் நாருக்கு வேண்டியது நெடுநெடுவென்று வளரும் தண்டு.

அயர்லாந்து முழுக்க லினன் நாடா? ஏன் வடக்குல மட்டும் இவ்வளவு பேர்?

ஆளி அயர்லாந்தின் பல பகுதிகளில் விளைந்தது, நூலும் நூற்கப்பட்டது. ஆனால் தொழிலாக வேரூன்றியது அல்ஸ்டரில்தான். ஒன்பது கவுண்டிகள் கொண்ட அந்த மாகாணத்தில் ஆறு இன்று பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தாகவும், டோனிகால், கேவன், மோனகன் ஆகிய மூன்றும் அயர்லாந்துக் குடியரசிலும் இருக்கின்றன. லிஸ்பர்ன், டங்கானன், ஆர்மா ஆகிய ஊர்களைச் சுற்றிய நிலப்பரப்புக்கு லினன் முக்கோணம் என்றே பெயர்.

காரணங்கள் பல. வெயில் அதிகம் ஏறாத, ஈரப்பதம் குறையாத காற்று ஆளிக்கும் நெசவுக்கும் ஏற்றது. லாகன், பான் போன்ற ஆறுகளின் மென்னீர் வெளுப்புக்கும் ஆலைச் சக்கரத்துக்கும் உதவியது. சட்டமும் தள்ளிவிட்டது: 1696இல் அயர்லாந்தின் சாதா லினனுக்கு இங்கிலாந்தில் சுங்கவரி நீக்கப்பட்டது. 1699இல் அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதி முடக்கப்பட்டது. இங்கிலாந்தின் கம்பளி வியாபாரத்துக்குப் போட்டி கூடாது, லினன் என்றால் பரவாயில்லை என்பதுதான் கணக்கு. 1711இல் டப்ளினில் லினன் வாரியம் அமைந்து 1828 வரை தரம், முத்திரை, மானியம் ஆகியவற்றைக் கவனித்தது.

எங்கள் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சிறு குத்தகை நிலம். சில ஏக்கர் குத்தகைக்காரன் உருளைக்கிழங்கும் ஓட்ஸும் ஒரு துண்டு ஆளியும் போடுவான். மனைவியும் மகள்களும் நூற்பார்கள், அவன் நெய்வான். வயல் சோறு போட்டது, தறி குத்தகை கட்டியது.

குரோமலின்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் இந்தத் தொழிலையே ஆரம்பிச்சாராமே?

பாதி உண்மை. லூயி குரோமலின் பிரான்சிலிருந்து வெளியேறிய ஹியூகனோ புராட்டஸ்டண்ட். பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் ஆணை 1685இல் ரத்தானதும் அவர்கள் நாடு விட்டு ஓட நேர்ந்தது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியமின் அழைப்பின்பேரில் அவர் 1698இல் லிஸ்பர்ன் வந்தார். ஐரோப்பியத் தறிகளையும் நுணுக்கமான நெசவுப் பழக்கத்தையும் உடன் வந்த குடும்பங்கள் கொண்டுவந்தன. 1727இல் அவர் இறந்தார்.

ஆனால் அவர் வருவதற்கு முன்பே வட இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் அங்கே லினன் நெய்துகொண்டிருந்தார்கள். லர்கனில் நிலப்பிரபு ஆர்தர் பிரவுன்லோ, சந்தைக்கு வரும் துணியைத் தானே வாங்கி 1680களிலேயே நெசவாளர்களை ஊக்குவித்தார். குரோமலின் தரத்தை உயர்த்தினார். தொழிலின் அஸ்திவாரம் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது.

எப்ப விதைப்பாங்க? ஏக்கருக்கு எவ்வளவு விதை?

ஏப்ரலில் விதைத்தால் ஆகஸ்டில் பிடுங்கலாம். பயிர்க்காலம் ஏறத்தாழ 100 நாள். ஏக்கருக்கு 2 புஷல், அதாவது சுமார் 50 கிலோ விதை. இவ்வளவு நெருக்கமாகப் போடுவதற்குக் காரணம் இரண்டாவது பதிலில் சொன்னதுதான். இடமில்லாமல் நெருக்கினால் செடி கிளை விடாது, வெளிச்சம் தேடி மேலேயே போகும். விரல் தடிமனுக்கு வளர்ந்த தண்டில் நல்ல நார் கிடைக்காது. குச்சி மெலிந்திருக்க வேண்டும்.

மண் பொடிப்பொடியாக இருக்க வேண்டும். விதைத்ததும் உருளை ஓட்டிச் சமன் செய்வார்கள். விதை ஒரே ஆழத்தில் விழவில்லையென்றால் செடிகள் ஒரே நாளில் முதிராது, பிறகு ஊறலில் ஒன்று வெந்தும் ஒன்று வேகாமலும் நிற்கும். கையால் வீசி விதைத்த காலம் போய், 19ஆம் நூற்றாண்டில் பிடில் வாசிப்பதுபோல வில்லை இழுத்து இழுத்து விதை தூவும் கருவி வந்தது. தோளில் மாட்டிய பை, அடியில் ஒரு சிறு சுழல்தட்டு, அதைச் சுற்றிய தோல்வாரை இழுக்கும் வில். நடையும் இழுப்பும் ஒரே தாளத்தில் இருந்தால் விதை சீராக விழும்.

தொழுவுரம் போடக்கூடாது. போட்டால் செடி கொழுத்து, காற்றடித்தால் படுத்துவிடும். நாரும் முரடாகும். அதே வயலில் மறுபடி ஆளி போட ஏழு ஆண்டுகளாவது விடுவார்கள். விட்டுவைக்காவிட்டால் மண்ணில் தங்கும் வாடல் பூஞ்சை அடுத்த பயிரைச் சாய்த்துவிடும்.

களையெடுக்க வயலுக்குள்ள இறங்கினா செடி மிதிபடாதா?

செடி ஒரு சாண் வளர்வதற்குள் களையெடுத்துவிட வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் மண்டியிட்டு, காற்று வரும் திசையைப் பார்த்தபடி நகர்வார்கள். அப்படிப் போனால், அவர்கள் அழுத்திய இளஞ்செடியைக் காற்றே தூக்கி நிமிர்த்திவிடும். காற்றுக்கு முதுகு காட்டிப் போனால் சாய்ந்தது சாய்ந்தபடியே வளரும்.

அறுவடைன்னு சொல்லாம பிடுங்குறதுன்னு ஏன் சொல்றீங்க? அரிவாளால அறுக்கக்கூடாதா?

கூடாது. நார் வேர்வரை ஓடுகிறது. அறுத்தால் அடியில் நிற்கும் கட்டை அளவுக்கு நீளம் நஷ்டம். வெட்டுவாயில் ஊறல் தண்ணீர் சீக்கிரம் புகுந்து நுனியைக் கெடுக்கவும் செய்யும். அதனால் பிடிபிடியாகப் பற்றி வேரோடு இழுப்பார்கள். மண்ணை உதறி, வேர்முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அடுக்கி, கோரையால் கட்டுவார்கள். இந்தக் கட்டுக்கு அங்கே "பீட்" என்று பெயர். நெட்டையும் குட்டையும் ஒரே கட்டில் கலந்தால் பின்னால் ஆலையில் குட்டைத் தண்டெல்லாம் கழிவோடு போய்விடும்.

பிடுங்கும் பக்குவம்: தண்டின் கீழ் மூன்றில் இரண்டு பங்கு மஞ்சளாகி, காய் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறத் தொடங்கும் நேரம். முன்னதாகப் பிடுங்கினால் நார் மென்மை, ஆனால் பலம் குறைவு. தாமதித்தால் பலம் உண்டு, முரட்டுத்தனமும் உண்டு. நாள் முழுக்கக் குனிந்து நார்த்தண்டை இழுத்தால் உள்ளங்கை கிழிந்துபோகும். அல்ஸ்டர் வயல்வேலைகளில் முதுகை ஒடிக்கும் வேலை என்று பெயர் வாங்கியவற்றில் இதுவும் ஒன்று.

தங்கள் வயல்லயே விதை இருக்கும்போது அமெரிக்காவுல இருந்து ஏன் விதை வாங்கினாங்க?

முந்தைய பதிலிலேயே விடை இருக்கிறது. நல்ல நாருக்கு விதை முற்றுவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். முற்றாத விதையை அடுத்த ஆண்டு விதைத்தால் முளைப்பு சரியாக இராது. எனவே பால்டிக் கடற்கரையின் ரீகாவிலிருந்தும், நெதர்லாந்திலிருந்தும், நியூயார்க், பிலடெல்ஃபியா துறைமுகங்களிலிருந்தும் ஆண்டுதோறும் விதை வந்தது.

18ஆம் நூற்றாண்டில் டெரி, நியூரி, பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் அமெரிக்க விதையை இறக்கிய கப்பல்கள் திரும்பும்போது லினனையும், கடல் கடந்து குடியேறப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டன. அல்ஸ்டரிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பெருங்கூட்டத்துக்கு வழி திறந்ததில் இந்த விதை வியாபாரத்துக்கும் பங்கு உண்டு.

ஊறப்போடுறதுன்னா எப்படி? எத்தனை நாள்?

கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை ஊறப்போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தத்துவம் புரியும். மட்டை மாதக்கணக்கில் ஊறும், ஆளிக்கு ஒன்றிரண்டு வாரமே போதும். தண்ணீரில் பெருகும் பாக்டீரியாக்கள் பெக்டின் பசையைத் தின்னும், நார் சக்கையிலிருந்து விடுபடும்.

வயலோரம் சுமார் 4 அடி ஆழத்தில் குட்டை வெட்டுவார்கள். "லின்ட் டேம்" என்பது அதன் பெயர். சுண்ணாம்பு கலந்த கடினநீர் ஆகாது, பசை இளகாது. இரும்பு கலந்த தண்ணீரும் ஆகாது, நாரில் கறை ஏறும், வெளுப்பில்கூடப் போகாது. தண்ணீரைச் சில நாள் முன்பே நிரப்பி வெயில் காய விடுவார்கள். கட்டுகளை வேர் கீழாக, சற்றுச் சாய்த்து வரிசையாக அடுக்கி, மேலே புல்கட்டியும் கல்லும் வைத்து அமிழ்த்துவார்கள். இரண்டு மூன்று நாளில் புளிப்பு தொடங்கி வாயு கிளம்பும், கட்டுகள் மேலே தூக்கும். அப்போது கூடுதல் கல் ஏற்ற வேண்டும். கொதிப்பு அடங்கியதும் அந்தக் கல்லை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கட்டுகள் அடிச் சேற்றில் புதைந்துவிடும்.

வெதுவெதுப்பான நாட்களில் 7 நாள், குளிர்ந்தால் 14 நாள். நாற்றம் பல வயல் தாண்டி அடிக்கும். இடுப்பளவு தண்ணீரில் ஆள் இறங்கித்தான் கட்டுகளை எடுக்க வேண்டும். வைக்கோல் வாரும் கவைக்கோலால் குத்தி எடுத்தால் அழுகியும் அழுகாமலும் இருக்கும் அந்த நிலையில் நார் கிழிந்துவிடும். கையில் ஏறிய வாடை நாள்கணக்கில் போகாது.

ஊறினது போதும்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கூடிப்போனா என்ன ஆகும்?

கட்டின் நடுவிலிருந்து நடுத்தர மெலிவுள்ள சில தண்டுகளை உருவுவார்கள். தண்டின் நடுப்பகுதியில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் சக்கையை மட்டும் மடக்கி ஒடிப்பார்கள். ஒடிந்த துண்டைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால், நார் ஒட்டாமல் அது வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். நாரை இழுத்துக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. இழுக்கும்போதே நார் அறுந்தால் காலம் கடந்துவிட்டது. கொதிப்பு அடங்கிய பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பார்கள். இரவானாலும் விளக்கோடு போக வேண்டியதுதான்.

குறைவாக ஊறினால் சக்கை ஒட்டிக்கொண்டு வரும், ஆலையில் அதை அடித்து நீக்கும்போது நல்ல நாரும் கழிவாகும். அதிகமாக ஊறினால் இன்னும் மோசம். பாக்டீரியா முதலில் தின்பது நார்க்கற்றைக்கும் சக்கைக்கும் இடையிலுள்ள பசையை. அது தீர்ந்தபின் கற்றைக்குள்ளேயே இழையை இழையோடு ஒட்டும் பசையையும் தின்னும். தனி இழை 3 சென்டிமீட்டர் அளவுதான். கற்றையாக ஒட்டியிருப்பதால்தான் நாருக்கு நீளமே இருக்கிறது. ஒரு நாள் அசந்தால், வருஷ உழைப்பு கையில் பஞ்சாகப் பிய்ந்து வரும்.

எடுத்த கட்டுகளைப் பிரித்துப் புல்லில் மெல்லிதாகப் பரப்பி, ஒரு வாரம் வரை காய விட்டுத் திருப்புவார்கள். அதன்பின் கட்டிப் போர் வைப்பார்கள்.

அந்தத் தண்ணீரை எங்க விட்டாங்க?

ஆற்றில் விட்டால் மீன் சாகும். ஊறல் நீர் மக்கும்போது ஆற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதே காரணம். அப்படி விடுவது மீன்வளச் சட்டப்படி குற்றம். மழைவெள்ளம் வரும்வரை தேக்கி வைத்து, பெருக்கோடு கலந்து விடச் சொல்வார்கள். எல்லோரும் கேட்டதில்லை, வழக்குகளும் நடந்தன.

இப்ப பனியிலயே ஊற வைக்கிறாங்களாமே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பிடுங்கிய தண்டை வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் பல வாரம் விடுவது பனி ஊறல். அங்கே பசையைத் தின்பது பெரும்பாலும் பூஞ்சை. நார் சாம்பல் நிறமாக வரும். குட்டையில் ஊறிய நாரோ வைக்கோல் மஞ்சள். பனி ஊறலில் ஆள்செலவும் நாற்றமும் குறைவு, ஆனால் வானிலை கையில் இல்லை. இன்று நார்மண்டியிலும் ஃபிளாண்டர்ஸிலும் இதுதான் முறை.

ஸ்கட்ச் மில் என்கிறார்களே, அங்க என்ன நடக்கும்?

காய்ந்த தண்டைப் பள்ளமும் மேடுமான உருளைகளுக்கு நடுவே விட்டால் சக்கை நொறுங்கும், நார் வளைந்துகொடுத்துத் தப்பிவிடும். பிறகு அதைக் கைப்பிடியளவு பிடித்து, ஒரு மரப்பலகையின் விளிம்பில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் ஒரு சக்கரத்தில் பொருத்திய மரக்கத்திகள் சுழன்று வந்து நொறுங்கிய சக்கையைத் தட்டி உதிர்க்கும். ஒரு முனை முடிந்ததும் திருப்பி மறுமுனை. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்கு நீர்ச்சக்கரம் வந்துவிட்டது. 1860களில் அயர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய ஆலைகள் இருந்தன.

காய்ந்த தண்டு 100 கிலோ என்றால் நீண்ட நார் தேறுவது 15 கிலோ அளவுதான். ஏக்கருக்கு 30 ஸ்டோன், அதாவது 190 கிலோ வந்தால் திருப்தி. குட்டை நார் "டோ" எனப்படும். அது கோணி, கயிறு, முரட்டுத் துணிக்குப் போகும். சக்கை அடுப்புக்கு. உருளைகளில் கை சிக்கியவர்கள் பலர். தூசியும் தீயும் எப்போதும் பக்கத்திலேயே இருந்தன. விளக்கொளியில் வேலை, சுற்றிலும் காய்ந்த சக்கை, ஒரு பொறி போதும்.

ஆளி போட்டா ராட்டை இலவசம்னு கொடுத்தாங்களா?

ஆம், 1796இல் லினன் வாரியம் கொடுத்தது. ஒரு ஏக்கர் ஆளி பயிரிட்டவர்களுக்கு 4 ராட்டை, 5 ஏக்கர் போட்டவர்களுக்கு ஒரு தறி. பெற்றவர்களின் பட்டியலில் 60,000 பேரை ஒட்டி இருக்கிறார்கள். அயர்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கேட்டுத் தாள்களில் பெரும்பகுதி அழிந்துபோனதால், முன்னோரைத் தேடுகிறவர்கள் இன்றும் இந்த ராட்டைப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள்.

பஞ்சுக்கு மெஷின் வந்து எவ்வளவோ நாள் கழிச்சுத்தான் ஆளிக்கு மெஷின் வந்துச்சாம். ஏன் அவ்வளவு தாமதம்?

மறுபடியும் பசைதான். கையால் நூற்கும் பெண் விரலை எச்சிலிலோ தண்ணீரிலோ நனைத்துக்கொண்டே நூற்பாள். ஈரம் பட்டதும் கற்றையிலுள்ள பசை இளகி, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுகி மெல்லிய நூலாகும். இயந்திரம் உலர்ந்த நாரை இழுத்தது. முரட்டு நூல்தான் வந்தது, மெல்லிய நூலுக்கு முயன்றால் அறுந்தது.

1825இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் கே, நாரைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு நூற்கும் ஈர நூற்பு முறையைக் கண்டார். பின்னர் அது வெந்நீர்த் தொட்டியாக மாறியது. லினன் நூலின் மென்மையை "லீ" என்ற அளவில் சொல்வார்கள். 300 கஜம் ஒரு லீ, ஒரு பவுண்டு நூலில் எத்தனை லீயோ அதுவே எண். 40 என்றால் ஒரு பவுண்டில் 12,000 கஜம். எண் கூடக்கூட நூல் மெல்லியது.

இந்த மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வீட்டில் நூற்ற பெண்கள். தெற்கு அல்ஸ்டரிலும் மேற்கே கானாட் மாகாணத்திலும் கைநூல் விற்றுத்தான் குத்தகை கட்டினார்கள். 1830களில் ஆலை நூல் அந்த வருமானத்தைத் துடைத்துவிட்டது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகியபோது அவர்கள் கையில் வேறு காசு இல்லை. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெல்ஃபாஸ்ட்ல முதல்ல இருந்தது காட்டன் மில்தானாமே?

ஆமாம். 1770களிலிருந்து அரை நூற்றாண்டு அங்கே பருத்தி நூற்பு கொடிகட்டிப் பறந்தது. 1828 ஜூனில் யார்க் தெருவிலிருந்த மல்ஹாலண்ட் குடும்பத்தின் பருத்தி ஆலை எரிந்தது. மான்செஸ்டரோடு போட்டி போட முடியாது என்று கணக்குப் பார்த்த அவர்கள், புதிய ஆலையை ஈர நூற்புக்கென்றே கட்டி 1830இல் ஓட்டினார்கள். லாபத்தைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து நின்றதும் லினன் உச்சத்துக்குப் போனது. 1864இல் அயர்லாந்தில் ஆளிப் பரப்பு 3 லட்சம் ஏக்கரைத் தொட்டது.

மில்லுல வெறுங்காலோட வேலை செஞ்சாங்கன்னு படிச்சேன். வறுமையா?

வறுமையும் உண்டு, ஆனால் முதற்காரணம் தண்ணீர். வெந்நீர்த் தொட்டியிலிருந்து வரும் நூல் கதிரில் சுழலும்போது சாரல் தெறிக்கும். தரையில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். செருப்புப் போட்டால் வழுக்கும், ஊறிக் கிழியும். நூற்புக் கூடத்தில் வெக்கையும் ஈரமும், கதவைத் தாண்டினால் வடக்கத்திக் குளிர். மார்புச்சளியும் கால்விரல் நகக்கண்ணில் சீழ்ப்புண்ணும் அவர்களின் தொழில்நோய்கள். நார் சீவும் கூடத்தில் நிலைமை நேரெதிர், அங்கே ஈரமே இல்லை, மூச்சில் ஏறும் தூசிதான் ஆளைக் கொன்றது.

பிள்ளைகள் ஒருநாள் ஆலை, ஒருநாள் பள்ளி என்று மாறிமாறிப் போனார்கள். வேலைக்கு எடுக்கும் குறைந்தபட்ச வயது 1874 சட்டத்தில் 10, 1891இல் 11, 1901இல் 12.

லினன் நெய்யறது காட்டனைவிடக் கஷ்டமா?

கஷ்டம்தான். லினன் நூலுக்கு இழுவை கிடையாது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல்தான் பாவு. பருத்திப் பாவு கொஞ்சம் நீண்டுகொடுக்கும், லினன் பாவு அறுந்துவிடும். காற்று உலர்ந்தால் இன்னும் மோசம். அதனால் தறியை மண்தரை அறையில் வைத்து ஈரம் காத்தார்கள். பாவுக்கு மாவுக்கஞ்சியை பிரஷால் தடவி, விசிறிக் காயவைத்து, அந்த அளவு நெய்து முடித்ததும் அடுத்த பகுதிக்குத் தடவுவார்கள்.

விசைத்தறி லினனுக்குத் தாமதமாக வந்ததற்கும் இதுவே ஒரு காரணம். இன்னொன்று, கைநெசவாளரின் கூலி அவ்வளவு குறைவு. பஞ்சத்தில் சாவும் குடிபெயர்வும் ஆளைக் குறைத்துக் கூலியை ஏற்றிய பிறகுதான், 1850களிலிருந்து விசைத்தறி பரவியது.

பழுப்பு நிறத் துணி அவ்வளவு வெள்ளையானது எப்படி?

தறியிலிருந்து வரும் கோராத் துணியை அங்கே பழுப்பு லினன் என்பார்கள். நெசவாளி அதைச் சந்தையில் விற்பான், வெளுப்பது தனித் தொழில். சாம்பல்காரத்தில் வேகவைத்து, அலசி, ஆற்றங்கரைப் புல்வெளியில் விரிப்பார்கள். வெயிலும் ஈரமும் காற்றும் சேர்ந்து நிறத்தை அரிக்கும். மறுபடி காரம், மறுபடி புல். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. நடுவில் மோரில் ஊறவைத்துக் காரத்தை முறிப்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அரை வருஷ வேலை, குளிர்காலத்தில் நடக்காது.

நூற்றாண்டின் நடுவில் மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலம் வந்தது. நாட்கள் எடுத்தது மணிக்கணக்கில் முடிந்தது. பிறகு குளோரின். ஆனால் லினனை குளோரினால் மட்டுமே வெளுத்தால் நார் தளரும். ஊறலுக்குத் தப்பி மிஞ்சிய பசையும் மெழுகும் காரத்தில்தான் படிப்படியாகப் போக வேண்டும். முழுவெள்ளை ஆகும்போது துணி எடையில் கால் பங்குவரை குறையும். அதனால்தான் புல் வெளுப்பு 20ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. விரித்த துணிக்கு இரவுக்காவல் வேண்டும். அதற்காகக் கட்டிய சிறு கல்குடில்கள் சில இன்றும் நிற்கின்றன.

துணியைக் கட்டையால அடிப்பாங்களாமே, அது துவைக்கவா?

துவைக்க அல்ல, பளபளப்புக்கு. பெயர் பீட்லிங். ஈரத் துணியை உருளையில் சுற்றி, மேலே வரிசையாகத் தொங்கும் பீச் மரக்கட்டைகளை நீர்ச்சக்கரம் மாறிமாறித் தூக்கிப் போடும். உருண்டை நூல் தட்டையாகி இடைவெளியை அடைக்கும், துணி இறுகி மினுங்கும். ரகத்தைப் பொறுத்து நாள்கணக்கில் அடி விழும். அந்தச் சத்தத்தில் காது செவிடானவர்கள் உண்டு. டைரோன் கவுண்டியில் குக்ஸ்டவுன் அருகே வெல்புரூக் ஆலையில் ஏழு பீட்லிங் எந்திரங்கள் இருக்கின்றன. பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதைப் பாதுகாக்கிறது.

ஏரோப்ளேன்ல லினனா?

முதல் உலகப்போர் விமானங்களின் இறக்கை, மரச்சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய லினன்தான். எடை குறைவு, பலம் அதிகம். மேலே செல்லுலோஸ் வார்னிஷ் பூசினால் சுருங்கி முரசுத்தோல்போல் இறுகும். 1917 புரட்சிக்குப் பின் ரஷ்ய ஆளி நின்றபோது அல்ஸ்டர் வயல்கள்மேல் சுமை ஏறியது. இரண்டாம் உலகப்போரின் ஹரிகேன் விமானத்திலும் உடலின் பின்பகுதி லினன் போர்த்தியது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் யார்க் தெரு ஆலையின் பெருஞ்சுவர் பக்கத்துத் தெருக்களின்மேல் சரிந்தது. அந்தச் சின்ன வீடுகளில் இருந்தவர்கள் அதில் மாண்டார்கள்.

அப்ப இன்னிக்கு "ஐரிஷ் லினன்"னு விக்கிறது அங்க விளைஞ்சதா?

பெரும்பாலும் இல்லை. போருக்குப் பின் செயற்கை இழை வந்தது, ஆள்கூலி ஏறியது, 1950களோடு அல்ஸ்டரில் வணிக அளவில் ஆளி விளைச்சல் முடிந்துவிட்டது. இன்று உலகின் நார் ஆளியில் பெரும்பகுதி பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றின் கடலோரப் பகுதியில் விளைகிறது. "ஐரிஷ் லினன்" என்ற பெயர் நெய்த இடத்தைச் சொல்கிறது, விளைந்த வயலை அல்ல. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. எட்டாவது பதிலில் பார்த்தபடி, பழைய நாளிலும் விதை வெளியிலிருந்துதான் வந்தது. அண்மையில் சிலர் சிறு அளவில் மறுபடி பயிரிட்டு வருகிறார்கள்.

அந்த ஊறல் குட்டைகள் இப்பவும் இருக்கா?

இருக்கின்றன. பல தூர்ந்துபோயின, சில வாத்து நீந்தும் குளமாகிவிட்டன. ஓடைக்குப் பக்கத்தில், வயல் மூலையில், நீளவாக்கில் செவ்வகமாக ஒரு பள்ளம் தெரிந்தால், அதன் கரையில் உருட்டுக் கற்கள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டுகளை அமிழ்த்த வைத்த கற்கள் அவை. அடுத்த ஆண்டுக்கும் வேண்டுமென்று கரையிலேயே விட்டுப் போவார்கள்.